கிரீட் தீவு: ஒன்பது இரவுகளை எந்தப் பகுதியில் கழிப்பது?

அண்ணாநகர் ஆசிரியை கேட்கிறார்:

வணக்கம். நான் மதுரை அண்ணா நகரில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை. மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காலாண்டு விடுமுறையை ஒட்டி நாங்கள் அங்கே போவதாகத்தான் முதலில் பேச்சு இருந்தது. "அக்டோபரில் இங்கே மழையும் குளிருமாக இருக்கும், அப்பத்தாவால் வெளியே தலைகாட்ட முடியாது, எல்லோரும் கிரேக்கத்தின் கிரீட் தீவில் கூடிக்கொள்வோம்" என்று அவன்தான் மாற்றிவிட்டான்.

நாங்கள் ஐந்து பேர். அத்தைக்கு 71 வயது, மூட்டு வலி உண்டு; கைப்பிடி இருந்தால் முப்பது படி ஏறுவார், அதற்கு மேல் இயலாது. முட்டைகூடச் சேர்க்காத சைவம். பதினோராம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மலையும் கடலும் வேண்டும். கணவருக்குக் கோட்டை, அரண்மனை என்றால் போதும். எனக்கு ஏதாவது ஒரு சிற்றூரில் திண்ணை போன்ற ஓரிடத்தில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசை.

வரைபடத்தில் கிரீட் ஒரு முருங்கைக்காயைப் போல நீண்டு மெலிந்து கிடக்கிறது. அதனால் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிப்பது எளிது என்று நினைத்து ஹானியா, பலோஸ், எலஃபோனிசி, ஸமாரியா பள்ளத்தாக்கு, ரெதிம்னோ, மதாலா, கினோசோஸ், ஸ்பினலோங்கா, வாயி என்று ஒன்பது இரவுகளுக்கு ஆறு விடுதிகளில் அறை பார்த்து வைத்திருக்கிறேன். டிராவல்ஸ்காரரோ, ஹெர்சோனிஸோஸ் என்னும் கடற்கரை ஊரில் மூன்று வேளை உணவும் சேர்ந்த ரிசார்ட் ஒன்றில் ஒன்பது இரவும் தங்கிக்கொண்டு அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்கிறார். இரண்டில் எது சரி? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திருநகர்வாசி:

வணக்கம் அம்மா. ஈராண்டுகளுக்கு முன் செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் தம்பி குடும்பத்தாரும் அங்கே பன்னிரண்டு நாள் இருந்தோம். உங்கள் இரண்டு திட்டங்களுமே சரியல்ல என்பது என் கருத்து. முதலாவது உங்களைப் பெட்டி கட்ட வைத்தே கொன்றுவிடும். இரண்டாவது உங்களைக் காரிலேயே உட்கார வைத்துவிடும்.

முருங்கைக்காய் உவமை வடிவத்துக்குப் பொருந்துகிறது, ஆனால் அந்தக் காய்க்குள் இருப்பது விதையல்ல, மலை. தீவின் நீளம் ஏறத்தாழ 260 கிலோமீட்டர், அதாவது மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் தூரத்தைவிடச் சற்று அதிகம். அகலம் குறுகிய இடத்தில் 12 கிலோமீட்டர், விரிந்த இடத்தில் 60. மேற்கே வெள்ளை மலைகள், நடுவே சிலோரிதிஸ், கிழக்கே தீக்தி என்று மூன்று மலைத்தொகுதிகள் முதுகெலும்பைப் போல நிற்கின்றன. சிலோரிதிஸின் உச்சி 2,456 மீட்டர், நம் கொடைக்கானல் ஊரைவிட முந்நூறு மீட்டருக்கும் மேல் உயரம். வடகரையை ஒட்டி மட்டும் ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. பெரிய ஊர்கள், விமான நிலையங்கள், ரிசார்ட்டுகளில் பெரும்பாலானவை எல்லாம் அதன் ஓரத்திலேயே இருக்கின்றன. தென்கரைக்குப் போக வேண்டுமானால் மலையைத் தாண்ட வேண்டும். அந்தப் பயணத்துக்கு நான்குவழிச் சாலைக் கணக்கு உதவாது. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறுகிற வேகத்தில் கணக்குப் போடுங்கள். கிரீட்டில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காமல் மணியில் கேட்க வேண்டும் என்பதை நாங்கள் மூன்றாம் நாள்தான் கற்றுக்கொண்டோம்.

நிர்வாகத்தில் தீவு நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக ஹானியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன், லசீதி. ஹானியாவிலிருந்து ரெதிம்னோ 60 கிலோமீட்டர், அங்கிருந்து ஹெராக்லியோன் 80, அங்கிருந்து லசீதியின் தலைநகரான ஆயியோஸ் நிகோலாவோஸ் 65. டிராவல்ஸ்காரர் சொல்கிற ஹெர்சோனிஸோஸ் ஹெராக்லியோனுக்குக் கிழக்கே இருக்கிறது; அங்கிருந்து தென்மேற்கு முனையிலுள்ள எலஃபோனிசிக் கடற்கரைக்குப் போய்த் திரும்புவதென்றால் விடியலில் புறப்பட்டு நள்ளிரவில் வந்து சேர வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு இடங்களில் மட்டும் தங்குங்கள்: மேற்கே ஐந்து இரவு, கிழக்கே நான்கு இரவு. ஏதென்ஸிலிருந்து ஹானியாவுக்கும் ஹெராக்லியோனுக்கும் தனித்தனியே விமானம் இருக்கிறது. ஹானியாவில் இறங்கி ஹெராக்லியோனில் ஏறினால் வந்த வழியே திரும்புகிற ஒரு நாள் மிச்சமாகும்.

மேற்கில் எங்கே தங்குவது? ஹானியாவின் பழைய துறைமுகம் அழகுதான். வெனிஸ்காரர்கள் கட்டிய துறைமுகத்தின் முனையில் கலங்கரை விளக்கம். மாலையில் அதைச் சுற்றி வெளிச்சம் விழும்போது மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளப் படியில் உட்காருகிற கூட்டத்தைப் போல ஊரே கரையில் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் பழைய ஊரின் சந்துகளுக்குள் கார் நுழையாது, விடுதிகள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது, படிகள் செங்குத்தானவை. அத்தையை வைத்துக்கொண்டு அங்கே அறை எடுக்காதீர்கள், ஒரு மாலை போய் வந்தால் போதும். ஹானியாவுக்கு மேற்கே ஆயியா மரீனா, பிளதனியாஸ் என்று ரிசார்ட்டுகள் வரிசையாக நிற்கும் கரை இருக்கிறது. மணல் நன்று, இரைச்சல் அதிகம். நாங்கள் தங்கியது ஹானியாவுக்கும் ரெதிம்னோவுக்கும் இடையிலுள்ள யோர்யூபோலி. யூகலிப்டஸ் மரங்கள் நிழல் போடும் சதுக்கம், நீண்ட மணற்கரை, பக்கத்திலேயே மலையடிவாரத்தில் கூர்னாஸ் என்னும் நன்னீர் ஏரி. சில இடங்களில் கடலின் இழுவை பலமாக இருப்பதால் சிவப்புக் கொடி நாட்டியிருக்கும் நாளில் மகளை இறங்க விடாதீர்கள். அலையே வேண்டாம் என்றால் இன்னும் மேற்கே அல்மிரிதா என்ற சிற்றூர், குளம் போன்ற விரிகுடா.

எலஃபோனிசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். போகும் வழியில் தொபோலியா பள்ளத்தாக்கில் ஒற்றை வண்டி மட்டும் நுழையக்கூடிய சுரங்கப்பாதை ஒன்று வரும். சிவப்பு விளக்கு அணையும்வரை நின்றுதான் போக வேண்டும். அதைத் தாண்டினால் கஷ்கொட்டைத் தோப்புகள் சூழ்ந்த எலோஸ் கிராமம். பிறகு திடீரென்று மலை விலகிக் கடல் தெரியும். கரையிலிருந்து எதிரேயுள்ள சிறு தீவு வரைக்கும் முழங்கால் அளவு நீர்தான். என் மனைவி புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே போய்விட்டார். நீர் வந்து தொட்டுப் போகிற ஓரத்தில் மணல் இளஞ்சிவப்பாகக் கோடு போட்டது போல இருக்கும், மிக நுண்ணிய கிளிஞ்சல்கள் உடைந்து கலந்த நிறம் அது. கையில் அள்ளிப் பார்த்தால் சாதாரண மணலாகத்தான் தெரியும். கண்ணைத் தாழ்த்தி நீளவாக்கில் பார்த்தால்தான் நிறம் பிடிபடும். அந்த மணலை எடுத்து வருவது சட்டப்படி குற்றம். காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள், பதினொன்றுக்குப் பிறகு சித்திரைத் திருவிழாக் கூட்டம்.

பலோஸ் விஷயத்தில் நாங்கள் அடிபட்டோம். கடைசி எட்டுக் கிலோமீட்டர் கல்லும் குழியுமான மண்பாதை. வாடகைக் காரில் போனோம். ஒரு கல் அடிப்பாகத்தைக் கீறிவிட்டது. மண்பாதையில் கீழ்த்தட்டுக்கும் டயருக்கும் ஏற்படும் சேதத்தைக் காப்பீடு ஏற்காது என்பது ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருந்திருக்கிறது, நாங்கள் படிக்கவில்லை. வண்டி கொடுத்த நிறுவனம் முன்பணத்திலிருந்து கணிசமாகப் பிடித்துக்கொண்டது. அதுவும் போகட்டும் என்றால், வண்டி நிற்கும் இடத்திலிருந்து கடற்கரைக்கு நூற்றுக்கணக்கான படிகள் இறங்க வேண்டும், திரும்பும்போது உச்சி வெயிலில் அவற்றை ஏற வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற வழி கிஸ்ஸமோஸ் துறைமுகத்திலிருந்து போகும் படகு. அது வழியில் கிராம்வூசா தீவுக் கோட்டையிலும் நிற்கும். கணவரும் மகளும் மேலே ஏறட்டும், அத்தை கீழே நிழலில் இருக்கலாம்.

ஸமாரியா பள்ளத்தாக்கு மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். ஓமலோஸ் சமவெளியில் 1,200 மீட்டருக்கு மேலிருந்து கடல்மட்டம் வரை 16 கிலோமீட்டர் இறங்க வேண்டும். ஐந்திலிருந்து ஏழு மணி நேரம் பிடிக்கும். இறக்கம்தானே என்று நினைத்த எனக்கு மறுநாள் விடுதியின் மூன்று படிகளை இறங்க முடியவில்லை. பள்ளத்தாக்கின் அடியில் ஆயியா ரூமெலி என்னும் ஊர். அங்கே சாலை கிடையாது, படகில்தான் வெளியேற வேண்டும். உங்கள் மகனும் மகளும் மட்டும் அதிகாலைப் பேருந்தில் மேலே போய் நடக்கட்டும். நீங்கள் காரில் மலையைத் தாண்டி ஹோரா ஸ்ஃபாகியோன் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து படகில் லூத்ரோவுக்குப் போங்கள். லூத்ரோவுக்கும் சாலை இல்லை. வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாக ஒரே ஒரு வரிசை வீடுகள். மேசைக்கும் கடலுக்கும் இடையே நான்கு அடி இடம். நீங்கள் கேட்ட திண்ணை அதுதான் அம்மா. மாலையில் பிள்ளைகள் வரும் படகும் அந்த வழியாகத்தான் ஹோரா ஸ்ஃபாகியோன் போகும். அதற்கு முதல்நாளே நேர அட்டவணையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கே.கே. நகர் தகப்பன்:

டிராவல்ஸ்காரரை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நாங்கள் நான்கு வயதும் ஏழு வயதுமான இரண்டு குழந்தைகளோடு ஹெர்சோனிஸோஸ் பக்கத்தில் அப்படிப்பட்ட ரிசார்ட் ஒன்றில் ஏழு நாள் இருந்தோம். குழந்தைகளுக்குத் தனிக் குளம், எந்நேரமும் சாப்பாடு, பக்கத்திலேயே கடல். ஊர் சுற்றவே இல்லை. அதற்காக வருந்தவும் இல்லை. விடுமுறை என்றால் ஓய்வு என்று நினைப்பவர்களுக்கு அது ஏற்றது. ஆனால் உங்கள் பட்டியலைப் பார்த்தால் நீங்கள் ஓய்வெடுக்கப் போகிறவராகத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஹெர்சோனிஸோஸுக்கு அடுத்துள்ள மாலியா, கோடையில் ஐரோப்பிய இளைஞர்கள் விடிய விடியக் கூத்தடிக்கும் இடம். ஹெர்சோனிஸோஸின் கடலோரத் தெருவிலும் அந்த வாடை உண்டு. அங்கேதான் தங்க வேண்டும் என்றால் மேலே மேட்டிலுள்ள கூதூலோஃபாரி, பிஸ்கோபியானோ ஆகிய பழைய சிற்றூர்களில் அறை பாருங்கள். கல்வீடுகள், திராட்சைப் பந்தல், கீழே கடல் தெரியும், இரைச்சல் கேட்காது. மேட்டில் ஏற வேண்டும் என்பது ஒன்றுதான் குறை.

நாகமலை வரலாற்று ஆசிரியர்:

அன்புடையீர், வணக்கம். கிழக்குப் பாதியைப் பற்றியும், உங்கள் கணவருக்காகவும் நான் எழுதுகிறேன். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன். கிரீட்டுக்குப் போனது கடற்கரைக்காக அல்ல. கடற்கரையில் ஒரு நாள்தான் இருந்தேன், அதுவும் மனைவியின் கட்டளை.

கிரீட்டின் பண்டைய மினோவன் நாகரிகத்தின் அரண்மனைத் தலமான கினோசோஸ் ஹெராக்லியோனிலிருந்து ஐந்து கிலோமீட்டர். 1878-இல் மினோஸ் கலோகெரினோஸ் என்ற உள்ளூர்க்காரர் அங்கே முதலில் தோண்டினார். 1900-இல் ஆர்தர் எவான்ஸ் தொடங்கிய பெரிய அகழாய்வுதான் அதை உலகறியச் செய்தது. எவான்ஸ் சிமெண்டைக் கொண்டு தூண்களையும் மாடங்களையும் எழுப்பிச் சிவப்பு வண்ணமும் பூசிவிட்டார். இது தகுமா என்று அறிஞர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். கீழடியில் தரைமட்டச் சுவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு அந்த மாடங்கள் முதலில் நெருடின, பிறகு, அவை இல்லாவிட்டால் என் மனைவி பத்து நிமிடத்தில் வெளியே வந்திருப்பார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கினோசோஸ் உள்ளிட்ட ஆறு மினோவன் அரண்மனைத் தலங்கள் 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம் பெற்றன. முதலில் ஹெராக்லியோன் தொல்லியல் அருங்காட்சியகம், பிறகு அரண்மனை என்ற வரிசையில் பாருங்கள். வெறும் கல் பேசத் தொடங்கும்.

அருங்காட்சியகத்தில் ஃபெஸ்டோஸ் தட்டு இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சுட்ட களிமண் வட்டு. இருபுறமும் சுழல் சுழலாக முத்திரை குத்திய குறிகள். 1908-இல் கிடைத்தது, இன்றுவரை யாரும் படித்து முடிக்கவில்லை. பக்கத்திலேயே லீனியர் ஏ, லீனியர் பி என்னும் பண்டை எழுத்துமுறைகளில் பொறித்த களிமண் ஏடுகள். லீனியர் பி-யை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டினார். அவர் தொழிலால் கட்டடக் கலைஞர். லீனியர் ஏ இன்னும் வாய் திறக்கவில்லை. பானை ஓட்டுக் கீறல்களுக்கு மண்டையை உடைத்துக்கொள்ளும் ஊரிலிருந்து போனவனுக்கு அந்தக் கூடத்தில் நேரம் போனதே தெரியவில்லை.

மதாலாவுக்குப் போகும் நாளை வெறும் கடற்கரை நாளாக ஆக்கிவிடாதீர்கள். ஹெராக்லியோனிலிருந்து தெற்கே மெஸரா சமவெளியில் இறங்கியதும் கோர்டின் வரும். அங்கே கி.மு. 5-ஆம் நூற்றாண்டுச் சட்டங்களைச் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: சொத்துரிமை, மணமுறிவு, தத்து எடுத்தல். ஒரு வரி வலமிருந்து இடமாகவும் அடுத்த வரி இடமிருந்து வலமாகவும் போகும், வயலில் ஏர் திரும்புவதைப் போலவே. கிரேக்கச் சொல்லும் அந்தப் பொருளைத்தான் தருகிறது. அடுத்து குன்றின் மேலே ஃபெஸ்டோஸ் அரண்மனை, சிமெண்ட் பூசாதது. பிறகுதான் மதாலா. அங்குள்ள மணற்பாறையில் அடுக்கடுக்காகக் குகைகள். ரோமானியர் காலத்தில் கல்லறைகளாகப் பயன்பட்டவை, 1960-களில் ஹிப்பிகள் குடியிருந்தவை. நம் நாகமலையிலும் கீழக்குயில்குடியிலும் சமணர் படுக்கைகளைப் பார்த்தவர்களுக்குக் குகை வியப்பளிக்காது. அதன் வாசலில் அலை வந்து மோதுவதுதான் வியப்பு.

கிழக்கே தங்குவதற்கு ஆயியோஸ் நிகோலாவோஸை நான் பரிந்துரைப்பேன். ஊருக்கு நடுவே வூலிஸ்மேனி என்னும் வட்டமான ஏரி, 64 மீட்டர் ஆழம். அதற்கு அடியே கிடையாது என்று ஊரார் சொல்லிவந்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டி அதைக் கடலோடு இணைத்தார்கள். அருகிலுள்ள எலுந்தாவில் விலையுயர்ந்த ரிசார்ட்டுகள் இருக்கின்றன, தனிக் குளம் வைத்த அறைகள், அவற்றின் வாடகையைக் கேட்டுவிட்டு நாங்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். எலுந்தாவைத் தாண்டினால் பிளாகா என்னும் மீனவச் சிற்றூர். அங்கிருந்து ஸ்பினலோங்கா தீவுக்குப் படகில் பத்து நிமிடம். வெனிஸ்காரர் கட்டிய கோட்டை அது; 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்த இடம். கோட்டைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே கடைத்தெரு, சலவை இடம், சிறு தேவாலயம், கல்லறை. எல்லாம் இடிந்தும் இடியாமலும் நிற்கின்றன. நோயாளிகள் நுழைந்த வளைவான இருண்ட வாயில் வழியாகத்தான் நாமும் நுழைகிறோம். அங்கே யாரும் உரக்கப் பேசவில்லை. பாதை கரடுமுரடான கல், ஏற்ற இறக்கம் உண்டு. அத்தையும் உடன் ஒருவரும் பிளாகாவிலேயே இருந்துவிடுவது நல்லது.

வாயி கடற்கரையைப் பற்றி எழுதுகிறவர்கள் பனங்காடு என்கிறார்கள். அது பனை அன்று, ஈச்ச மர இனம். தியோஃப்ராஸ்டஸ் என்னும் பண்டைக் கிரேக்கத் தாவர அறிஞரின் பெயரைத் தாங்கியது. ஐரோப்பாவில் இயற்கையாக வளர்ந்த ஈச்சந்தோப்புகளில் இதுவே பெரியது. அலங்காநல்லூர்ப் பக்கத்து ஓடைக்கரையைக் கொண்டுபோய்க் கடலுக்கு முன்னால் வைத்தது போல இருந்தது. கார் கரைவரை போகும், படியில்லை. ஆனால் ஆயியோஸ் நிகோலாவோஸிலிருந்து சிதியா வழியாகச் சுற்றிச் சுற்றிப் போக இரண்டு மணி நேரம் ஆகும். சிதியாவில் ஓர் இரவு தங்கினால் அதையும் கிழக்கு முனையிலுள்ள ஸாக்ரோஸ் அரண்மனையையும் சேர்த்துப் பார்க்கலாம். நான்கே இரவு என்றால் வாயியை விட்டுவிடுங்கள். ஈச்சமரத்தை ஊரிலேயே பார்க்கலாம். கோர்டின் சுவரை ஊரில் பார்க்க முடியாது.

மேலமாசி வீதி அக்கா:

ஐயா அவர்கள் கல்லைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் சோற்றைப் பற்றி எழுதுகிறேன். நாங்களும் முட்டை சேர்க்காத வீடு.

கிரேக்கத் தேவாலய மரபில் ஆண்டில் பல நாள்கள் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்கும் நோன்பு உண்டு. அந்த உணவுக்கு நிஸ்திசிமா என்று பெயர். இந்த ஒரு சொல்லை அத்தைக்காகப் பாடம் செய்துகொள்ளுங்கள். சைவம் என்று ஆங்கிலத்தில் சொன்னால் மீனோ முட்டையோ வந்து நிற்கும்; நிஸ்திசிமா என்றால் சமையற்காரருக்கே புரியும். ஆனால் கணவாயும் இறாலும் நோன்பில் விலக்கல்ல என்பதால் அவையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஹோரிஸ்’ என்றால் ‘இல்லாமல்’. ‘ஹோரிஸ் க்ரேயாஸ்’ இறைச்சி இல்லாமல், ‘ஹோரிஸ் அவ்கோ’ முட்டை இல்லாமல். ‘நே’ என்றால் அவர்கள் மொழியில் ‘ஆம்’. நான் இரண்டு நாள் அதை மறுப்பு என்று நினைத்துப் பட்டினி கிடந்தேன்.

எண்ணெயில் மெல்ல வேகவைத்த காய்கறிகளுக்கு லாதெரா என்று பெயர்: வெண்டைக்காய், பீன்ஸ், கத்தரிக்காய். ஃபாவா என்பது நம் பருப்பு மசியல்தான், மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து மசித்து வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். ஹோர்தா என்பது மலைக்கீரைகளை வேகவைத்து எலுமிச்சை பிழிந்தது; என் மாமியார் தினமும் அதைத்தான் கேட்டார். தக்காளியிலும் குடைமிளகாயிலும் அரிசி அடைத்த கெமிஸ்தா கிடைக்கும், கொத்திறைச்சி சேர்க்காததுதானா என்று கேட்டு வாங்குங்கள். தாகோஸ் என்பது கல்லைப் போலக் கெட்டியான பார்லி ரொட்டி. அதன்மேல் துருவிய தக்காளியையும் எண்ணெயையும் ஊற்றி ஊறவைத்துப் பாலாடைக்கட்டி உதிர்த்துத் தருவார்கள். வந்த உடனே கடித்தால் அத்தையின் பல் போய்விடும். ஐந்து நிமிடம் பொறுத்தால் பழைய சோறு ஊறினது போலக் குழைந்துவிடும். பாலாடைக்கட்டி செய்ய விலங்கின் இரைப்பை நொதி சேர்ப்பது அங்கே வழக்கம். அதையும் தவிர்ப்பவர் என்றால் ‘ஹோரிஸ் திரி’ என்று சொல்லி விலக்குங்கள். சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே பழமும் ராக்கி என்னும் சாராயமும் சிறு குப்பியில் கொண்டுவந்து வைப்பார்கள். அது விருந்தோம்பல், கணக்கில் வராது. வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே எடுத்துப்போய்விடுவார்கள்.

அடுப்படி உள்ள அறையாக எடுங்கள். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோகலாம். நெய்யைப் பெட்டியில் வைக்காதீர்கள். பால் பொருள்களை வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதியில்லை. எங்கள் வீட்டு உசிலம்பட்டி நெய் அப்படித்தான் விமான நிலையத்துக் குப்பைத்தொட்டியில் போனது.

கிராமத்துக்கு ஆசைப்படுகிறீர்கள் என்பதால் ஒன்று. ரெதிம்னோ பகுதியில் மார்கரீதெஸ் என்னும் ஊர் முழுக்கக் குயவர் கடைகள். மானாமதுரைக்குப் பேருந்தில் போய்ப் பானை வாங்கிய கை எனக்கு. அங்கே ஒரு கடையில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த அம்மாள் நான் தட்டிப் பார்த்து வாங்குவதைக் கவனித்துவிட்டு, உள்ளே போய்ச் சூளையிலிருந்து அன்றைக்கு எடுத்த குவளையைக் கொண்டுவந்து தாமும் தட்டிக் காட்டினார். பாஷை தேவைப்படவில்லை. அதே பகுதியில் ஸ்பிலி என்ற ஊரில் சிங்க வாய்களிலிருந்து நீர் கொட்டும் நீண்ட ஊற்று இருக்கிறது, பிளாட்டான் மர நிழலில் உட்காரலாம். கிழக்கே தங்கினால் கிரிட்சா. நெசவுத் துணிகளை வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள், ஊருக்குச் சற்று முன்னால் சுவரோவியங்கள் நிறைந்த பனாயியா கேரா தேவாலயம்.

அண்ணாநகர் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. ஆறு விடுதிகளையும் நேற்றிரவே நீக்கிவிட்டேன். யோர்யூபோலியில் ஐந்து இரவு, ஆயியோஸ் நிகோலாவோஸில் நான்கு இரவு என்று முடிவு செய்திருக்கிறோம். வாயி இல்லை, மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஸமாரியா உண்டு என்றதும் இறக்கிவிட்டாள். ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு மாறும் நாளில் மார்கரீதெஸ் போய்விட்டுப் போகலாம் என்று எண்ணுகிறேன், வழியில்தானே? இன்னும் இரண்டு ஐயங்கள்: காரை யார் ஓட்டுவது, விசாவை எந்த நாட்டுக்குக் கேட்பது? மகன் ஜெர்மனியில் இருப்பதால் ஜெர்மனிக்கே கேட்கச் சொல்கிறார் ஓர் உறவினர்.

திருநகர்வாசி:

மார்கரீதெஸ் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே ஏற வேண்டும், வழி என்றே சொல்லலாம். அன்று காலை அர்காதி மடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1866-இல் துருக்கியப் படை சூழ்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் வெடிமருந்து அறைக்குத் தீ வைத்து மாண்ட இடம், இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. உங்கள் கணவருக்கு மறக்காது.

விசாவைப் பொறுத்தவரை, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பது இரவும் கிரீட் என்றால் கிரேக்கத்துக்குத்தான். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அத்தையின் வயதுக்குக் காப்பீட்டுத் தொகை கூடும், முதலில் அதை விசாரித்துவிடுங்கள்.

காரை மகன் ஓட்டட்டும். அவரிடம் இருப்பது ஜெர்மன் ஓட்டுநர் உரிமம் என்றால் அதுவே போதும். உங்கள் கணவரும் ஓட்டுவதானால் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கியர் வலக்கையில் வரும். நான் முதல் நாள் கியர் போடுவதாக நினைத்துக் கதவின் கைப்பிடியை நான்கு முறை இழுத்தேன். நெடுஞ்சாலையில் பின்னால் வருகிற உள்ளூர்க்காரர் முந்த விரும்பினால், முன்னால் போகிற வண்டி ஓரத்துக் கோட்டுக்கு வெளியே பாதி ஒதுங்கி வழி விட வேண்டும் என்பது எழுதாத வழக்கம். ஒதுங்காவிட்டால் விளக்கடித்துக்கொண்டே பின்னால் வருவார். தானியங்கி கியர் வண்டிகள் குறைவு, வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வையுங்கள். ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் சின்னக் கார் போதாது. எங்களுக்குப் போதும் என்று நினைத்து எடுத்து, தம்பி மகன் மடியில் பெட்டியோடு ரெதிம்னோ வரை வந்தான்.